பந்தைப் பிடித்தவன்

நம்மிடையே யாராவது கோல்கீப்பர் என்ற வார்த்தையைச் சொன்னால் அடுத்த வாக்கியத்தில் காம்யு வந்துவிடுவார். அல்ஜியர்ஸில் பல்கலைக்கழக அணிக்காகக் கோல் காத்தவர், தனிமையை அங்கேதான் கற்றுக்கொண்டார் என்று பேச்சு போகும். இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் நபக்கோவ் கேம்ப்ரிட்ஜில் கோல் காத்ததையும், பீட்டர் ஹாண்ட்கே 1970-ல் எழுதிய நாவலின் தலைப்பிலேயே ஒரு கோல்கீப்பர் நிற்பதையும் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவில் நிற்கும் தனி மனிதன் எழுதுகிறவர்களுக்கு ரொம்ப சௌகரியமான படிமம். நானும் உபயோகித்திருக்கிறேன், ஒரு மோசமான கவிதையில். காம்யு கோல் காப்பதை நிறுத்தியது தத்துவ விசாரத்தால் அல்ல, 1930-ல் பதினேழு வயதில் காசநோய் வந்ததால் என்பதை மட்டும் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. படிமத்துக்கு நுரையீரல் கிடையாது.

நான் சொல்ல வந்த கோல்கீப்பர் எதுவும் எழுதியவர் இல்லை. பெயர் ஜேம்ஸ் தார்ப். மைதானத்தில் ஜிம்மி. இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் நதியோரம், ஜாரோ என்கிற கப்பல் கட்டும் ஊரில் 1913 செப்டம்பரில் பிறந்தார். உள்ளூர் அணியில் ஆடிவிட்டு 1930-ல் பக்கத்து நகரமான ஸண்டர்லண்டின் அணியில் சேர்ந்தார். 1932-ல் முதல் அணிக்கு வந்தார். 123 லீக் ஆட்டங்கள். இங்கிலாந்துக்காக ஒரு தடவையும் ஆடியதில்லை. 1936-ல், 22 வயதில் இறந்துபோனார். ஒரு தபால் கார்டில் எழுதி முடித்துவிடலாம்.

அவரைத் தேடிக்கொண்டு நான் போகவில்லை. நான் தேடியது சர்க்கரையை. எனக்கு இருபது வருஷமாக அந்த வியாதி, அப்பாவுக்கும் இருந்தது. வியாதிக்காரர்களுக்குத் தங்கள் வம்சாவளியைத் தெரிந்துகொள்ளும் ஆசை ஒன்று உண்டு. எழுதியவர்கள், பாடியவர்கள், ஓடியவர்கள் என்று யார் யாருக்கு இருந்தது எனக் குறித்து வைத்துக்கொண்டிருந்தேன். எச். ஜி. வெல்ஸ் கிடைத்தார். 1934-ல் தன் டாக்டரான ஆர். டி. லாரன்ஸுடன் சேர்ந்து பிரிட்டனின் நீரிழிவுச் சங்கத்தை ஆரம்பித்தவர் அவர். லாரன்ஸும் அதே வியாதிக்காரர். சாவதற்குத் தயாராக இத்தாலியில் போய் உட்கார்ந்திருந்தவரை, 1923-ல் இன்சுலின் வந்துவிட்டது என்ற தந்தி லண்டனுக்குத் திரும்ப அழைத்தது. எதிர்காலத்தையே எழுதிக்கொண்டிருந்த நாவலாசிரியர், தந்தியால் பிழைத்த டாக்டர் என்று பட்டியல் களைகட்டிக்கொண்டிருந்தபோது, இரண்டு வரிக் குறிப்பாக இந்தக் கோல்கீப்பர் குறுக்கே வந்தார். அதற்குப் பிறகு மற்றவர்களை விட்டுவிட்டேன்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் கோல்கீப்பர் வேலை எப்படி இருந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். 1925-ல் ஆஃப்சைடு விதியை மாற்றினார்கள். முன்னே நிற்பவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியார் மூன்று பேர் இருக்க வேண்டும் என்பது இரண்டு பேர் போதும் என்றானது. முதல் டிவிஷனில் ஒரு வருஷத்தில் 1,192 கோல்கள் விழுந்துகொண்டிருந்த இடத்தில் மறு வருஷம் 1,703 விழுந்தன. ஜனங்களுக்குக் கொண்டாட்டம். இந்தக் கணக்கின் மறுபக்கத்தில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தடவை கூடுதலாக வலைக்குள் குனிந்து பந்தை எடுத்தவர்கள் கோல்கீப்பர்கள். 1935-36-ல் ஸண்டர்லண்ட் லீக் சாம்பியன். 42 ஆட்டங்களில் 109 கோல் போட்டது; வாங்கிக்கொண்டது 74. சாம்பியன் அணி 74 கோல் வாங்குவது இன்றைக்கு நம்பக் கஷ்டமான சங்கதி. ராய்ச் கார்ட்டரும் பாபி கர்னியும் ஆளுக்கு 31 கோல் போட்டார்கள். எல்லோரும் முன்னால் ஓடிய அணியில் பின்னால் நின்றவர்களின் நிலைமையை அந்த 74-லிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

அடிபட்டால் மாற்றாள் கிடையாது. இங்கிலாந்து லீக்கில் மாற்றாளை அனுமதித்ததே 1965-ல்தான். ஆர்சனலின் ஃப்ராங்க் மாஸ் 1935 மார்ச்சில் எவர்ட்டன் மைதானத்தில் தோள்பட்டை நழுவி, கோலை இன்னொருவரிடம் விட்டுவிட்டு இடது விங்கில் போய் நின்றார். நின்றதோடு அல்லாமல் ஒரு கோலும் போட்டார். வேடிக்கையான சம்பவம் என்று எல்லாப் புத்தகத்திலும் வரும். அந்தத் தோள்பட்டை பிறகு சரியாகவே இல்லை, அதோடு அவருடைய ஆட்டம் முடிந்தது என்பது அடுத்த வரி. மான்செஸ்டர் சிட்டியின் ஃப்ராங்க் ஸ்விஃப்ட் 1934 கோப்பை இறுதி ஆட்டம் முடிந்த விசிலைக் கேட்டதும், இருபது வயதில், மயங்கி விழுந்தார். நல்லபடி முடிந்தவர்களும் உண்டு. போல்ட்டனின் டிக் பிம் 1923, 1926, 1929 மூன்று இறுதி ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட விடவில்லை. மீன் பிடிக்கிற தொழிலிலிருந்து வந்தவர், அதற்கே திரும்பிப் போய் 95 வயது வரை இருந்தார். எனக்குப் பிம்மைப் பிடிக்கும். ஆனால் அவரைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

விதிப் புத்தகத்தில் கோல்கீப்பரைப் பற்றிய வாசகத்தை நான் பல தடவை படித்திருக்கிறேன். அவனை இடிக்கக் கூடாது என்று ஆரம்பிக்கும். உடனே தவிர என்று வரும். அவன் பந்தைக் கையில் வைத்திருந்தாலோ, எதிராளியை மறித்தாலோ, கோலுக்கு முன்னால் உள்ள சிறிய கட்டத்தைவிட்டு வெளியே வந்தாலோ தவிர. இதை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். பதினொரு பேரில் ஒருவனுக்கு மட்டும் கையை உபயோகிக்கும் உரிமை. அவனுடைய தொழிலே பந்தைப் பிடிப்பது. பந்தைப் பிடிக்காதவரை சட்டம் அவனைக் காப்பாற்றுகிறது. பிடித்த கணத்தில் கைவிட்டுவிடுகிறது. வேலையைச் சரியாகச் செய்த மாத்திரத்தில் அவன் அடிக்கு உரியவன். எதிராளியை உதைப்பது எப்போதும் குற்றம்தான். ஆனால் உதைக்கிறவன் ஆளை உதைப்பதாகச் சொல்ல வேண்டியதில்லை. பந்து இன்னும் ஆட்டத்தில் இருக்கிறது, நான் பந்தைத்தான் உதைத்தேன் என்பான். பந்து இருப்பது கோல்கீப்பரின் நெஞ்சோடு.

கல்லூரியில் நான் இரண்டு வருஷம் கோல் நின்றேன். திறமையால் அல்ல, ஓட முடியாததால். பந்தை அணைத்துக்கொண்டு தரையில் சுருண்டு கிடக்கையில் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இருந்தது. பூட்ஸின் சத்தம் நெருங்கி வருவது தரை வழியாகக் காதுக்குத் தெரியும். சில அடிகள் தள்ளி அது நிற்கும் என்று நம்பித்தான் கிடக்கிறோம். என் காலத்தில் அது நின்றது.

இனி சர்க்கரை. டொரொன்டோவில் 1922 ஜனவரி 11 அன்று பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன் இளவயதில் இந்த வியாதி வந்தவர்களுக்குப் பட்டினிதான் வைத்தியம். சாவைச் சில மாதங்கள், சில வருஷங்கள் தள்ளிப்போடுவதற்காக. தார்ப் அந்தத் தேதிக்குப் பிந்தியவர், அந்த வகையில் அதிர்ஷ்டசாலி. ஆனால் 1930-களின் இன்சுலின் இன்றைய சமாசாரம் அல்ல. மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து எடுத்தது. சில மணி நேரத்தில் வேகம் தீர்ந்துவிடும். ஒரு நாளுக்கு இரண்டு மூன்று முறை குத்திக்கொள்ள வேண்டும். நீண்ட நேரம் வேலை செய்யும் புரோட்டமின் இன்சுலினைப் பற்றி டென்மார்க்கின் ஹாகடார்ன் ஒரு மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டது 1936 ஜனவரியில். நான் பேசப்போகும் ஆட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னால்.

ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை என்று வீட்டில் பார்க்க வழி கிடையாது. சிறுநீரை வைத்து ஊகம்தான். அந்த முறை என் சிறுவயது வரை நீடித்தது. அப்பா காலையில் சமையலறைக்குள் வராமல் பின்கட்டில் ஸ்பிரிட் விளக்கை வைத்துக்கொண்டு, கண்ணாடிக் குழாயில் பெனடிக்ட் கரைசலும் எட்டுச் சொட்டும் விட்டுக் காய்ச்சுவார். நீலம் நீலமாகவே இருந்தால் அம்மாவைக் கூப்பிட்டுக் காபி கேட்பார். பச்சை என்றால் ஒன்றும் சொல்ல மாட்டார். செங்கல் நிறம் வந்துவிட்டால் குழாயை என்னிடம் காட்டாமல் மறைத்துக்கொண்டு போய்க் கழுவுவார். ஊசியைக் கொதிக்க வைத்த சின்ன வெண்கலப் பாத்திரத்தை வீட்டில் வேறு எதற்கும் எடுக்க மாட்டார்கள். குழாயில் தெரியும் நிறம் இந்த நிமிஷத்தின் நிலைமை இல்லை, சில மணி நேரத்துக்கு முந்தைய நிலைமை. இப்போது என்ன நடக்கிறது என்பது உடம்புக்குத்தான் தெரியும், உடம்பும் பல சமயம் பொய் சொல்லும். இப்படிப்பட்ட ஒரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு ஒருவர் சனிக்கிழமைதோறும் தொண்ணூறு நிமிஷம் முதல் டிவிஷனில் கோல் காத்தார் என்பதுதான் என்னைப் பிடித்து நிறுத்திய விஷயம். சம்பளம் வேறு. சீசனில் வாரத்துக்கு 8 பவுன், கோடையில் 6 பவுன் என்பது எவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கும் அன்று உச்சவரம்பு. அதற்குக் குறைவாக வாங்கியவர்களே அதிகம். ஆனால் ஜாரோவில் அந்த வருஷங்களில் சம்பளம் என்ற ஒன்று இருந்ததே பெரிது. அதற்குப் பிறகு வருகிறேன்.

1936 பிப்ரவரி 1, சனிக்கிழமை. ரோக்கர் பார்க் மைதானத்தில் செல்ஸியுடன் ஆட்டம். முரட்டு ஆட்டம். தார்ப் பந்தைப் பிடித்து வைத்திருந்த ஒரு சமயத்தில் செல்ஸியின் முன்னணி ஆட்டக்காரர்கள் அவர்மேல் பாய்ந்தார்கள். தலையிலும் நெஞ்சிலும் உதை விழுந்தது. எழுந்தார். ஆட்டம் முடியும்வரை நின்றார். 3-3 என்று முடிந்தது. வீட்டுக்குப் போனவர் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் பிப்ரவரி 5, புதன்கிழமை இறந்தார்.

மரண விசாரணையில் ஜூரி சொன்ன தீர்ப்பு இதுதான். சாவுக்குக் காரணம் நீரிழிவும் இதயம் நின்றதும். எதிரணியின் முரட்டு நடத்தையால் அது விரைவுபடுத்தப்பட்டது. நடுவர் ஆட்டத்தைக் கட்டுக்குள் வைக்கவில்லை என்றும் ஜூரி குறை சொன்னது. நடுவர்கள் கண்டிப்பாக இருக்கும்படி உத்தரவிட வேண்டும் என்று கால்பந்து சங்கத்தைக் கேட்டுக்கொண்டது. சங்கம் தானும் விசாரித்து, நடுவர்மேல் பிழை இல்லை என்றது.

முதலில் படித்தபோது அந்த விரைவுபடுத்தப்பட்டது என்கிற வார்த்தைமேல் எனக்கு ஆத்திரம் வந்தது. அதில் ஆள் இல்லை. ரயில் அட்டவணைக்குப் பொருந்துகிற சொல். உதைத்த கால்கள் யாருடையவை என்று கேட்காமல், எப்படியும் வர வேண்டியது கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது என்கிற மாதிரி. சர்க்கரை வியாதிக்காரன் எதனால் செத்தாலும் சர்க்கரையால் செத்தான் என்று சொல்லிவிடலாம், யாருக்கும் சங்கடம் இல்லை. அப்பா ஒரு மாலை அவசரமாக ஓட்டி வந்த பஸ்ஸிலிருந்து விழுந்து, காலில் புண் வந்து, அது ஆறாமல் இறந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும், பாவம் சர்க்கரை என்றே சொன்னார்கள். பஸ்ஸைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் அன்று பேசவில்லை.

ஆனால் வருஷங்கள் போகப் போக அந்தத் தீர்ப்பை வேறு மாதிரி படிக்கிறேன். அடிபட்ட உடம்பில் சர்க்கரை ஏறும். இது இன்று எந்த டாக்டரும் சொல்வது. காயத்துக்கு எதிராக உடம்பு சுரக்கும் திரவங்களே இன்சுலினுக்கும் எதிராக வேலை செய்யும். ஆரோக்கியமானவனுக்கு இரண்டு நாள் வலியோடு போகிற அடி, வியாதிக்காரனை மயக்கத்தில் தள்ளிவிடலாம். வியாதி எங்கே முடிகிறது, பூட்ஸ் எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு கிழிக்கிற கத்தி யாரிடமும் இல்லை. ஸண்டர்லண்டில் கூடிய அந்த ஜூரி, பெயர் தெரியாத சாதாரண மனிதர்கள், இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்தார்கள். எதிரணியின் முரட்டு நடத்தை என்று எழுதவும் செய்தார்கள். அவர் உயிரோடு இருந்திருக்கக்கூடிய காலத்தை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள் என்று தோன்றுகிறது. விமர்சனம் என்று நாம் எழுதிக்கொண்டிருக்கிற பலவற்றில் இந்த அளவு நிதானம் கிடையாது.

இதோடு வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு சாவு உண்டு. ஸ்காட்லாந்தில், 1931 செப்டம்பர் 5, செல்டிக் அணியின் கோல்கீப்பர் ஜான் தாம்ஸன். ரேஞ்சர்ஸ் அணியின் சாம் இங்கிலிஷ் காலடியில் பந்துக்காகப் பாய்ந்தபோது அவருடைய முழங்கால் தலையில் மோதி அன்றிரவே இறந்தார். அவருக்கும் வயது 22. சுரங்கத்தில் வேலை பார்த்த பையன். சவ ஊர்வலத்துக்கு ஆயிரக்கணக்கில் கூடினார்கள், இன்றும் பாடுகிறார்கள். அது விபத்து என்று விசாரணை சொன்னது, படத்தைப் பார்த்தவர்களும் அப்படியே சொன்னார்கள். ஆனாலும் சாம் இங்கிலிஷைக் கூட்டம் விடவில்லை. போன இடமெல்லாம் ஏச்சு. மறு வருஷம் ஸ்காட்லாந்தைவிட்டு லிவர்பூலுக்குப் போனார். அங்கேயும் அது தொடர்ந்தது. ஒரு சாவில் பிழை இல்லை என்று தீர்ப்பு, பழி ஒரே மனிதன் தலையில் ஆயுசுக்கும். இன்னொன்றில் பிழை இருக்கிறது என்று எழுத்தில் தீர்ப்பு, பழி யார் தலையிலும் இல்லை. எதிரணி என்பதற்கு முகம் கிடையாது. தாம்ஸனுக்குப் பாட்டு இருப்பதும் தார்ப்புக்கு இல்லாததும் இதனால்தானா? கதையில் இடையே ஒரு வியாதி வந்துவிட்டால் பாட்டு வராது போலிருக்கிறது.

ஜாரோவைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். அந்த ஊர் பாமர்ஸ் என்ற கப்பல் கட்டும் தளத்தை நம்பி இருந்தது. முப்பதுகளின் முற்பகுதியில் தளத்தை மூடினார்கள். கப்பல் முதலாளிகளே சேர்ந்து அமைத்த ஒரு கம்பெனி அதை வாங்கி உடைத்தது. ஊரில் வேலை செய்யக்கூடியவர்களில் பெரும்பாலோருக்கு வேலை இல்லை. தார்ப் இறந்த அதே 1936-ல், அக்டோபர் 5 அன்று, ஜாரோவிலிருந்து இருநூறு பேர் லண்டனுக்கு மனு எடுத்துக்கொண்டு நடந்தே புறப்பட்டார்கள். மாதக் கடைசியில் போய்ச் சேர்ந்தார்கள். பயன் ஒன்றும் இல்லை. கூட நடந்த எம்.பி. எல்லன் வில்கின்ஸன் 1939-ல் ஊரின் சரித்திரத்தை எழுதியபோது கொலை செய்யப்பட்ட ஊர் என்று தலைப்புக் கொடுத்தார். அவருக்கு விரைவுபடுத்தப்பட்டது போன்ற சொல் போதவில்லை. கப்பல் தொழில் எப்படியும் நசிந்துகொண்டுதான் இருந்தது, நாங்கள் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினோம் என்பது எதிர்த்தரப்பு வாதம். அங்கேயும் ஒரு வியாதி, ஒரு பூட்ஸ். கொலை என்று அவர் எழுதியது சரியா என்று என்னைக் கேட்டால் சரி என்பேன். அப்படியானால் ஜூரியும் கொலை என்று சொல்லியிருக்க வேண்டுமா என்றால் என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. இந்த இரண்டையும் பொருத்திப் பார்த்து ஒரு முடிவுக்கு வர முயன்று இந்தக் கட்டுரையை இரண்டு தடவை கிழித்துப் போட்டேன்.

இறந்த பிறகு விதியைத் திருத்தினார்கள். கோல்கீப்பர் பந்தைக் கையில் வைத்திருக்கும்போது அவருக்கு எதிராகக் காலைத் தூக்கக் கூடாது. தார்ப் கால்பந்துக்கு விட்டுப்போனது என்று சொல்லக்கூடியது இந்த ஒரு வாக்கியம். அதுவும் காலுக்கு மட்டும். தோளுக்குத் தடை இல்லை. 1957 கோப்பை இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைட்டெட் கோல்கீப்பர் ரே வுட்டை எதிரணி ஆட்டக்காரர் இடித்துக் கன்ன எலும்பை உடைத்தார். மறு வருஷ இறுதி ஆட்டத்தில் அதே அணியின் ஹாரி கிரெக்கைப் போல்ட்டனின் லாஃப்ட்ஹவுஸ் பந்தோடு சேர்த்து வலைக்குள் தள்ளினார். அதற்குக் கோல் கொடுத்தார்கள். கிரெக் அப்போது மியூனிக் விமான விபத்திலிருந்து மூன்று மாதம் முன்னால்தான் தப்பி வந்திருந்தார். அந்த விபத்தில் இறந்தவர்களில் ஒருவர் பத்திரிகைக்காரராகக் கூடப் போயிருந்த ஃப்ராங்க் ஸ்விஃப்ட். மேலே மயங்கி விழுந்ததாகச் சொன்ன அதே இருபது வயதுப் பையன்.

ஸண்டர்லண்ட் அந்த சீசனில் சாம்பியன் ஆனது. தார்ப்பின் பதக்கத்தை அவர் மனைவியிடம் கொடுத்தார்கள். அவர் இடத்துக்கு அடுத்த மாதமே ரெடிங் அணியிலிருந்து ஜானி மாப்ஸன் என்ற 18 வயதுப் பையனை வாங்கினார்கள். மாப்ஸன் 1937-ல் வெம்ப்ளியில் கோப்பையும் ஜெயித்தார், பல வருஷம் ஆடினார், நல்ல கோல்கீப்பர். ரோக்கர் பார்க் 1997-ல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. அங்கே இப்போது வீடுகள். தெருக்களுக்குப் பழைய நினைவாகப் பெயர் வைத்திருக்கிறார்கள், ஒன்றின் பெயர் கோல்மவுத் குளோஸ்.

போன மாதம் ஒரு நண்பர் வீட்டில் டெலிவிஷனில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தோம். கார்னர் ஒன்றில் கோல்கீப்பர்மேல் யாரோ லேசாக உரசினார்கள், நடுவர் விசில் ஊதிவிட்டார். "இதெல்லாம் ஒரு ஃபௌலா? கோலியை என்ன, சாமி சிலை மாதிரி தொடவே கூடாதா?" என்று நண்பர் கத்தினார். அவர் நல்ல கவிஞர், கால்பந்தும் என்னைவிட அதிகம் தெரிந்தவர். தார்ப்பைப் பற்றி அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். மணி எட்டாகியிருந்தது, சாப்பாட்டுக்கு முன் போட்டுக்கொள்ள வேண்டிய ஊசி பையில் இருந்தது. எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். திரும்பி வந்தபோது ஸ்கோர் மாறியிருந்தது.